ஒரு கிடார், ஒரு ஆள், ஒரு முழுப் பாட்டு

(முன்னாள் மாணவர் சங்க மறுசந்திப்பு விழாவின் பிற்பகல் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை. வாசித்துக் காட்டிய இடங்கள் அடைப்புக் குறிக்குள் தரப்பட்டுள்ளன.)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச வருகிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. கேட்கிறவர்களில் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். அதனால்தானோ என்னவோ, நிர்வாகிகள் என்னைக் கிடாரையும் கையோடு கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே 'கிடாரில் ஜாஸ்' என்று அச்சாகியிருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் போன் செய்தார். "ஏம்ப்பா, ரிட்டயர் ஆனதுக்கப்புறம் காஸ் ஏஜென்சி எடுத்திருக்கியா?" என்றார். காஸ் இல்லப்பா, ஜாஸ் என்றேன். "அது என்ன வியாபாரம்?" என்றார். இந்த அரை மணி நேரம் அவருக்கான பதில்தான்.

ஜாஸ் இசையின் வரலாறு முழுவதையும் சொல்லப் போவதில்லை. அதில் ஒரே ஒரு வித்தையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பக்கவாத்தியம் கிடையாது, பாடகர் கிடையாது, ஒரே ஆள் ஒரே கிடாரில் ஒரு பாட்டை முழுமையாக வாசிப்பது. இதை அவர்கள் 'கார்டு சோலோ' என்கிறார்கள். தருமபுரியில் நின்றுகொண்டு இதை ஏன் பேச வேண்டும் என்பதையும் சொல்லித்தான் முடிப்பேன்.

முதலில் அது என்ன என்று புரியவேண்டும். நம்ம ஊர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். நாதஸ்வரம் ராகம் வாசிக்கிறது. தவில் தாளத்தைப் பார்த்துக்கொள்கிறது. பக்கத்தில் ஒருவர் ஒத்து ஊதிக்கொண்டே இருப்பார். இப்போது அந்த இடத்துக்குச் சுருதிப் பெட்டி வந்துவிட்டது. ராகம் எங்கே போனாலும் ஒத்து அசையாது. ஒரே சுருதியில் நிற்கும். அது நிற்பதால்தான் நாதஸ்வரக்காரர் தைரியமாக எங்கே வேண்டுமானாலும் போய் வருகிறார்.

மேற்கத்திய இசையில் அந்த ஒத்து ஒரே இடத்தில் நிற்பதில்லை. அதுவும் பாட்டோடு நடக்கும். இரண்டு அட்சரத்துக்கோ நான்கு அட்சரத்துக்கோ ஒருமுறை இடம் மாறும். கீழே அது நடக்க, மேலே மெட்டு நடக்க, இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலித்து இடைவெளியை நிரப்பும். இப்படிச் சில சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிப்பதைத்தான் 'கார்டு' என்கிறோம். பெரிய வாத்தியக் குழுவில் இந்த வேலையை நாலைந்து பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். கார்டு சோலோவில் எல்லாம் ஒருத்தன் தலையில். நாதஸ்வரமும் அவன்தான், ஒத்தும் அவன்தான். காலால் தட்டிக்கொண்டிருக்கிற தவிலும் அவன்தான்.

அடுத்தது 'ஸ்டாண்டர்டு' என்ற சொல். ஜாஸ் வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பொதுவான பாட்டுகள் சில நூறு இருக்கின்றன. அவற்றுக்குத்தான் அந்தப் பெயர். பெரும்பாலும் 1920-களிலிருந்து 1950-கள் வரை அமெரிக்க மேடை நாடகங்களுக்காகவும் சினிமாவுக்காகவும் போட்ட மெட்டுகள். 1939-இல் ஜெரோம் கெர்ன் ஒரு நாடகத்துக்காக 'ஆல் தி திங்ஸ் யூ ஆர்' என்ற பாட்டைப் போட்டார். நாடகம் இரண்டு மாதம்கூட ஓடவில்லை. பாட்டு 80 வருடங்களுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஏன்? நம் வித்வான்கள் ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு விதமாகச் சங்கதி போடுவார்கள், நிரவல் செய்வார்கள், சுரம் பாடுவார்கள். கீர்த்தனை ஒன்றுதான், பாடுகிறவரைப் பொறுத்து அது வேறாகிறது. ஸ்டாண்டர்டும் அப்படித்தான். ஒரு தடவை மெட்டை நேராக வாசித்துவிட்டு, அதே கார்டு வரிசையின் மேல் தன் கற்பனையை வாசிக்கவேண்டும். மனோதர்மம் என்று நாம் சொல்வதற்கு அங்கே வேறு பெயர், அவ்வளவுதான்.

இந்த இசை யாருடையது என்று தம்பிமார்கள் கேட்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்களின் வழிவந்தவர்கள், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் உருவாக்கியது. அவர்கள் கையில் எடுத்தவை பெரும்பாலும் ஐரோப்பியர்களின் பேண்டு வாத்தியங்கள். "இது உனக்கு உரியது இல்லை" என்று ஓட்டலிலும் ரயிலிலும் பள்ளிக்கூடத்திலும் சொல்லப்பட்ட மனிதர்கள், அந்த வாத்தியங்களை வைத்துக்கொண்டு உலகத்துக்கே ஒரு புது இசையைக் கொடுத்தார்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

கிடாரில் இந்த வித்தையைக் காட்டியவர்களில் இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒருவர் வெஸ் மாண்ட்கோமரி, 1923-இல் பிறந்தவர். இருபது வயதையொட்டி, சார்லி கிறிஸ்டியன் என்ற கலைஞரின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுக் காதாலேயே கற்றுக்கொண்டவர். இசைக் குறிப்பு படிக்கத் தெரியாது. பகலில் தொழிற்சாலையில் வேலை, ராத்திரி கிளப்பில் வாசிப்பு. வீட்டில் பிராக்டீஸ் செய்தால் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு என்று, தட்டை வைத்துவிட்டு வெறும் கட்டைவிரலால் மெதுவாக மீட்ட ஆரம்பித்தார். அந்தக் கட்டைவிரல் நாதமே பிறகு அவருடைய அடையாளமாகிவிட்டது. கற்பனை வாசிக்கும்போது முதலில் ஒற்றைச் சுரமாகப் போவார். பிறகு ஒரே சுரத்தைக் கீழ் ஸ்தாயி, மேல் ஸ்தாயி இரண்டிலும் சேர்த்து வாசிப்பார். கடைசியில் கார்டு கார்டாக அடுக்குவார். படி ஏறுகிற மாதிரி இருக்கும்.

இன்னொருவர் ஜோ பாஸ். இரும்பு ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகன். இளமையில் போதைப் பழக்கத்தில் விழுந்து, பல வருடங்களை இழந்து, 1960-களின் தொடக்கத்தில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் தங்கி மீண்டு வந்தவர். அவர் 1973-இல் பதிவு செய்த 'வர்ச்சுவோசோ' என்ற இசைத்தட்டைக் கேட்டால், இதை வாசிப்பது ஒரே ஆள்தானா என்று சந்தேகம் வரும். இன்றும் தனிக் கிடாருக்கு அதுதான் பாடப்புத்தகம்.

சரி, அதெல்லாம் அமெரிக்கா. இங்கே?

இங்கேயும் உண்டு. நம்ம ஊர் வழியாக ஓசூர் தாண்டிப் போகிற ரயில் போய் நிற்கிற பெங்களூரில்தான் 1942-இல் கார்ல்டன் கிட்டோ பிறந்தார். ஆங்கிலோ இந்தியர். பெரும்பாலும் தானாகவே கற்று, கல்கத்தாவில் குடியேறி, பார்க் ஸ்ட்ரீட் பக்கத்து ஓட்டல்களில் வாசித்து, எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து, 2016 நவம்பரில் மறைந்தார். காலம் மாறியது, ராக் வந்தது, டிஸ்கோ வந்தது. அவர் தன் ஜாஸை விடவில்லை. அவரைத் தேடிப் போய் சுஷீல் குரியன் என்பவர் 'ஃபைண்டிங் கார்ல்டன்' என்று ஒரு ஆவணப்படமே எடுத்தார்.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1958-இல் அமெரிக்க ஜாஸ் பியானோ மேதை டேவ் புரூபெக் தன் குழுவோடு இந்தியா வந்தபோது, சென்னையில் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார். நம்முடைய தாளமும் அவர்களுடைய ஜாஸும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசியிருக்கின்றன. பிறகு இளையராஜா. பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, கிளாசிக்கல் கிடாரில் லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வில் தேறி, மற்ற இசையமைப்பாளர்களின் குழுக்களில் கிடார் வாசித்து, அதற்குப் பிறகுதான் 1976-இல் 'அன்னக்கிளி'. அவர் வாசித்தது ஜாஸ் அல்ல, ஆனால் நடக்கிற ஒத்தையும் நடுச் சுரங்களையும் நம் கிராமத்துக் காதுகளுக்குப் பழக்கிவிட்டவர் அவர். டீக்கடையில் அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்த யாருக்கும் கார்டு என்பது அன்னியச் சரக்கு கிடையாது. பெயர்தான் தெரியாது.

இப்போது பாடத்துக்கு வருகிறேன். ஒரே பாட்டு. 'ஆட்டம் லீவ்ஸ்', இலையுதிர்காலத்து இலைகள். ஹங்கேரியில் பிறந்த ஜோசப் கோஸ்மா 1945-இல் பிரான்சில் போட்ட மெட்டு. ஜாஸ் படிக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் தொடுகிற பாட்டு இதுதான். அதற்குக் காரணம் உண்டு.

கிடாரில் ஆறு தந்தி. மெல்லிய தந்தி முதல் தந்தி, தடித்தது ஆறாவது. நமக்கு இப்போது மெல்லிய நான்கு தந்திகள் போதும். வலது கையில் கட்டைவிரல் நான்காவது தந்திக்கு, ஆள்காட்டி விரல் மூன்றாவதுக்கு, நடுவிரல் இரண்டாவதுக்கு, மோதிர விரல் முதல் தந்திக்கு. நாலு தந்திக்கு நாலு விரல்; சண்டையே இல்லை. மெட்டு எப்போதும் முதல் தந்தியில். ஆகவே மோதிர விரல் மற்ற விரல்களைவிடக் கொஞ்சம் அழுத்தி மீட்டவேண்டும். வீட்டில் எல்லோரும் பேசும்போது அம்மாவின் குரல் மட்டும் தனியாகக் கேட்கும் இல்லையா, அந்த மாதிரி.

பாட்டின் முதல் பகுதியில் வரும் ஏழு கார்டுகளைப் பலகையில் எழுதியிருக்கிறேன். நான்காம் தந்தியில் தொடங்கி முதல் தந்தி வரை, எந்த ஃப்ரெட்டில் விரல் வைக்கவேண்டும் என்பதற்கான எண்கள் இவை:

ஏ மைனர் செவன்: 7, 9, 8, 8
டி செவன்: 7, 7, 7, 8
ஜி மேஜர் செவன்: 5, 7, 7, 7
சி மேஜர் செவன்: 5, 5, 5, 7
எஃப் ஷார்ப் மைனர் செவன் ஃபிளாட் ஃபைவ்: 4, 5, 5, 5
பி செவன்: 4, 4, 4, 5
ஈ மைனர் செவன்: 2, 4, 3, 3

பெயர்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எண்களை மட்டும் பாருங்கள். முதல் கார்டிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது வெளியே இருக்கிற இரண்டு தந்திகள், அதாவது நான்காவதும் முதலும், அசையவே இல்லை. 7 அப்படியே 7, 8 அப்படியே 8. நடுவில் இருக்கிற இரண்டு மட்டும் கீழே இறங்குகின்றன. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது நடு இரண்டும் நிற்கின்றன, வெளி இரண்டும் இறங்குகின்றன. மறுபடி நடு இரண்டு. மறுபடி வெளி இரண்டு. கோலாட்டத்தில் ஒரு ஜோடி நிற்க ஒரு ஜோடி நகரும் பாருங்கள், அதே கணக்கு. கடைசிக் காலடியில் மட்டும் மூன்று பேர் நகர்கிறார்கள், ஒருவர் நிற்கிறார். ஏழு கார்டும் ஏழு தனி மலைகள் என்று நினைத்தால் ஏற முடியாது. ஒரே படிக்கட்டில் இறங்கி வருகிறோம் என்று பார்த்தால் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

(ஏழு கார்டுகளையும் வாசித்துக் காட்டுகிறார்.)

இந்த இடத்தில் என் தந்தையாரைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கே இருக்கிற என் வயதுக்காரர்கள் சிலருக்கு அவரைத் தெரியும். தெருக்கூத்தில் ஆர்மோனியம் வாசித்தவர். மிருதங்கம், முகவீணை, தாளம், ஆர்மோனியம் என்று நம்ம பக்கத்துக் கூத்து மேளத்தில் உட்கார்ந்து விடிய விடிய வாசித்துவிட்டு, காலையில் நேராகக் காட்டு வேலைக்குப் போகிறவர். நான் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து, காக்ஸ் டவுன் பக்கம் வாடகை அறையில் இருந்த காலத்தில், அடுத்த தெருவில் ஒரு ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு இந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தார். லீவில் ஊருக்கு வந்தபோது கல்கத்தாவில் செய்த ஒரு கிவ்சன் கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்து இந்த ஏழு கார்டை வாசித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா உள்ளேயிருந்து வந்தார். கொஞ்ச நேரம் நின்று கேட்டார். "ஏன்டா, இவன் ஒத்தையே ஒரு எடத்துல நிக்க விட மாட்டேங்கிறான். சுருதியக் கையில புடிச்சிக்கிட்டே நடக்கிறான்டா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் புத்தகத்தில் படித்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

அதோடு விடவில்லை. "கார்டு கீர்டெல்லாம் வேணாம். ஒவ்வொன்னுக்கும் பேர் இருக்கே, அந்தச் சுரத்த மட்டும் ஒன்னொன்னா அடி" என்றார். ஆர்மோனியப் பெட்டியை எடுத்துவந்து அஞ்சு கட்டையில் சட்ஜமம் வைத்துக்கொண்டார். அஞ்சு கட்டை என்பது அவர்கள் கணக்கில் ஜி. நான் ஒவ்வொரு கார்டின் பெயர்ச் சுரத்தையும் அடிக்க அடிக்க, அவர் பெட்டியில் பிடித்துக்கொண்டே வாயால் சொன்னார்: ரி... ப... ச... ம... நி... க... த. முடித்துவிட்டு விரல் விட்டு எண்ணினார். "ஏழும் வந்துடுச்சு. ஒன்னும் மிச்சமில்ல, ஒன்னும் ரெண்டாவது தடவ வரல. சங்கராபரணத்த யாரோ குலுக்கிப் போட்டு அடுக்கியிருக்கான்" என்றார்.

நண்பர்களே, இது உண்மை. நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். ஏ, டி, ஜி, சி, எஃப் ஷார்ப், பி, ஈ. ஜி-யைச் சட்ஜமமாக வைத்தால் ரி, ப, ச, ம, நி, க, த. பெரும்பாலும் ஒவ்வொன்றும் முந்தைய சுரத்திலிருந்து நான்காவது சுரத்துக்குத் தாவுகிறது. மேலே முதல் தந்தியில் நீண்டு நிற்கிற சுரங்களைப் பார்த்தால் ம, க, ரி, ச என்று அழகாக இறங்குகின்றன. நான்காம் தந்தியில் அதே நேரத்தில் ரி, ச, நி, த. மேல் குரலும் கீழ்க் குரலும் கைகோத்துக்கொண்டு இறங்குகின்றன. இலை உதிர்கிற பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமாக எப்படி மெட்டுப் போட முடியும்?

பி செவன் கார்டு வந்ததும் அப்பா கையை நிறுத்தினார். "இங்க ஒரு அன்னிய சுரம் வருது" என்றார். சரியாகப் பிடித்தார். அந்தக் கார்டில் இரண்டாம் தந்தியில் டி ஷார்ப் வருகிறது. ஜி-யிலிருந்து பிறக்கிற சங்கராபரணத்தில் அந்தச் சுரத்துக்கு இடமில்லை. பாஷாங்க ராகத்தில் அன்னிய சுரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி அது வந்து, பாட்டைத் தைவதத்தில், அதாவது ஈ-யில் கொண்டுபோய் இறக்குகிறது. இந்தப் பாட்டு ஜி-யில் சந்தோஷமாகப் போய்க்கொண்டே இருந்து ஈ-யில் சோகமாக முடிகிறது. நம் கணக்கில் சொன்னால், சங்கராபரணத்தின் தைவதத்தைச் சட்ஜமமாக மாற்றிப் பார்த்தால் நடபைரவி. கிரகபேதம் என்று நம் பெரியவர்கள் எழுதி வைத்திருப்பது இதுதான். அந்த அன்னிய சுரத்தையும் சேர்த்துக்கொண்டால் கீரவாணியின் காகலி நிஷாதம் தலைகாட்டுகிறது.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஜாஸ் என்ற வார்த்தையைக் கேட்டதில்லை. அன்றைக்கு மத்தியானம் அந்தத் திண்ணையில் அந்தப் பாட்டை என்னைவிட அதிகமாகப் புரிந்துகொண்டவர் அவர்தான்.

கற்றுக்கொள்ள நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வழிமுறை சொல்கிறேன். பெங்களூர்ப் பெரியவர் எனக்குச் சொன்னதும், வேலைக்குப் போய்க்கொண்டே பல வருடம் வாசித்ததில் எனக்குப் பட்டதும் சேர்ந்தது இது.

முதலில் பாடுங்கள். கிடாரைத் தொடாதீர்கள். மெட்டு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டும். வாயில் வராதது விரலில் வராது. பெரியவர் முதல் மாதம் முழுக்க என்னைக் கிடாரை உறையிலிருந்து எடுக்கவே விடவில்லை.

இரண்டாவது, மெட்டை மட்டும் முதல் இரண்டு தந்திகளில் வாசியுங்கள். மூன்றாவது, கார்டின் பெயர்ச் சுரங்களை மட்டும் தடித்த தந்திகளில் நடக்க விட்டு, அதன்மேல் மெட்டை வாயால் பாடுங்கள். நடக்கிற ஒத்தும் பாட்டும் இப்போது உங்கள் ஒரு உடம்பில் சேர்ந்துவிட்டன. சேர்க்கையின் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

நான்காவது, இப்போது கார்டுகளைப் போடுங்கள். ஆனால் மெட்டில் வருகிற ஒவ்வொரு சுரத்துக்கும் கார்டு போடக்கூடாது. நீண்டு நிற்கிற சுரத்துக்கு மட்டும் போடுங்கள். நடுவில் ஓடுகிற சின்னச் சுரங்கள் தனியாக ஓடட்டும். எல்லாச் சொல்லையும் அழுத்திப் பேசுகிறவன் பேச்சை யார் கேட்பார்கள்? கைக்கும் அப்போதுதான் அடுத்த கார்டுக்குப் போக நேரம் கிடைக்கும்.

ஐந்தாவது, மெதுவாக வாசியுங்கள். விளம்ப காலத்தில் சுத்தமாக வந்தால் மத்திம காலம் தானாக வரும். காலால் தாளம் போடுவதை நிறுத்தக்கூடாது.

இதுவரை செய்வது, மெட்டையே கார்டோடு வாசிப்பது. அதை 'கார்டு மெலடி' என்பார்கள். கார்டு சோலோ அதற்கு அடுத்த படி. மெட்டை விட்டுவிட்டு அதே ஏழு கார்டின் மேல் முதல் தந்தியில் உங்கள் சொந்த வரியைப் போட்டு, அதற்குக் கீழே கார்டைத் தொங்கவிடுவது. அதற்கு வெஸ் மாண்ட்கோமரியின் படிக்கட்டையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை ஒற்றைச் சுரம், ஒரு தடவை இரட்டை ஸ்தாயி, ஒரு தடவை கார்டு. ஆரம்பத்தில் இரண்டே இரண்டு சுரத்தை மாற்றினால்கூடப் போதும். சங்கதி என்பது அப்படித்தான் தொடங்குகிறது.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். ஒரு நாளைக்கு அரை மணி நேரம், ஒரு வருடம், ஒரே பாட்டு. விரல் நுனி முதல் சில வாரம் வலிக்கும், பிறகு காய்த்துவிடும். இன்று உங்கள் கையிலிருக்கிற போனில் யூடியூப் இருக்கிறது. வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்கிற வசதி இருக்கிறது. வெஸ் மாண்ட்கோமரி இசைத்தட்டின் மேல் ஊசியைத் திரும்பத் திரும்பத் தூக்கி வைத்துக் கற்றதை, நீங்கள் விரல் நுனியில் தொட்டுக் கேட்கலாம். ஆனால் அதிலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. விரல் எங்கே வைப்பது என்று படம் போட்டுக் காட்டிவிடுகிறார்கள். அதைப் பார்த்து அப்படியே வைத்தால் சத்தம் வந்துவிடும். ஐம்பது பாட்டின் முதல் பத்து விநாடி வரும், ஒரு பாட்டும் முழுசாக வராது. அடுத்த சுரம் என்ன என்று காதுக்குத் தெரியவேண்டும். போனை மூடி வைத்துவிட்டு இருட்டில் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்தப் பாட்டு உங்களுடையது.

(பாட்டை முழுமையாக ஒருமுறை வாசித்துக் காட்டுகிறார்.)

கைதட்டியதற்கு நன்றி. இப்போது முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். தருமபுரியில் ஏன்?

இந்தக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளில் பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. என் காலத்திலும் அப்படித்தான். படித்து முடித்ததும் ஓசூர், பெங்களூர், சென்னை, திருப்பூர் என்று பஸ் ஏறிவிடுகிறோம். ஷிப்ட் முடிந்து வாடகை அறைக்கு வந்தால் பேச ஆளில்லை. அந்த அறையில் ஒருவனுக்கு என்ன துணை என்பது சின்ன விஷயம் இல்லை. எனக்குத் தெரிந்து நல்ல பிள்ளைகள் அந்த அறைகளில் தடம் மாறிப் போயிருக்கிறார்கள். கூத்து மேளத்துக்கு நாலு பேர் வேண்டும், பஜனைக்குப் பத்துப் பேர் வேண்டும். கார்டு சோலோவுக்கு நீங்கள் ஒருவர் போதும். ஒரு பாட்டைப் பத்து நிமிடம் முழுசாக வாசித்து முடித்தவன், அன்றைக்கு அந்த அறையில் தனியாக இருந்தான் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நம் பிள்ளைகள் வாயில் அடிக்கடி வருகிற ஒரு சொல் உண்டு: "அதெல்லாம் நமக்கில்ல சார்." இங்கிலீஷ் நமக்கில்ல, கிடார் நமக்கில்ல, பெரிய ஆபீஸ் நமக்கில்ல. யார் சொல்லிக் கொடுத்தார்கள் இதை? ஜாஸை உண்டாக்கியவர்களுக்கு அந்தச் சொல்லை முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவர்கள் கேட்கவில்லை. ஜோ பாஸின் அப்பா இரும்பு ஆலையில் வேலை பார்த்தவர். பண்ணைப்புரமும் நம்மைப் போன்ற ஊர்தான். ராத்திரி கூத்தும் பகலில் காடுமாக இருந்த ஒரு ஆர்மோனியக்காரர், வேறு கண்டத்துப் பாட்டின் எலும்பை ஒரு மத்தியானத்தில் எண்ணிக் காட்டிவிட்டார். அவருக்கு இருந்தது ஒரு நல்ல காதுதான். அந்தக் காது உங்கள் வீடுகளிலும் இருக்கிறது. உங்கள் தாத்தா பம்பை அடித்திருப்பார், உங்கள் அத்தை கும்மிப் பாட்டுப் பாடியிருப்பார். அங்கேயிருந்து தொடங்குங்கள்.

என் வயதுத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்லூரி விழாவில் வாசித்த புல்லாங்குழலும் தபலாவும் உங்கள் வீட்டுப் பரண்மேல் இருப்பது எனக்குத் தெரியும். "இனிமே என்னத்த" என்று சொல்லாதீர்கள். அறுபதுக்கு மேல் விரல் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். ஆனால் எங்கே மீட்டவேண்டும், எங்கே விடவேண்டும் என்பது இந்த வயதில்தான் தெரியும்.

கடைசியாகச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். பூட்டாத ஒரு அறை, இரண்டு கிடார், ஒரு ஆர்மோனியம், ஒரு சுருதிப் பெட்டி. இவ்வளவு இருந்தால் போதும். ஒரு கிடாருக்கான செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆர்மோனியமும் வாங்க வேண்டாம். எங்கள் அப்பாவின் பெட்டி வீட்டில் இருக்கிறது, துருத்தியைச் சரிசெய்து கொண்டுவந்து வைக்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நானே வந்து உட்கார்கிறேன். கட்டணம் கிடையாது, சர்டிபிகேட்டும் கிடையாது. நிபந்தனை ஒன்றுதான். முதல் மாதம் யாரும் கிடாரைத் தொடக்கூடாது, பாடவேண்டும்.